பந்தய அணிகளை வாங்கும் கார் நிறுவனங்கள்

ஏற்கெனவே களத்தில் இருக்கும் பந்தய அணியின் பங்குகளை ஒரு கார் நிறுவனம் பகுதியாகவோ முழுதாகவோ வாங்கி, தன் பெயரில் ஓட்டுவது உலகக் கார் பந்தயத்தில் நெடுநாள் வழக்கம். ஃபார்முலா ஒன் பந்தயத்தின் மெர்சிடஸ், ஆல்பைன், ஆடி அணிகள் மூன்றும் இப்படி விலைக்கு வாங்கப்பட்டவை. இந்தக் கொடுக்கல் வாங்கலில் இந்தியாவுக்கும் தமிழ்நாட்டு ஓட்டுநர்களுக்கும் பங்கு உண்டு. அதன் மிகப் பழைய அத்தியாயமோ புதுச்சேரியை ஆண்ட பிரான்சில் தொடங்குகிறது.

பிரெஞ்சுத் தொடக்கம்

1906 ஜூன் 26, 27 தேதிகளில் லெ மான் நகருக்கு அருகே முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ நடந்தது. ரெனோ காரை ஓட்டிய ஹங்கேரியர் ஃபெரென்ஸ் சிஸ் அதில் வென்றார். அந்நாளில் காரைச் செய்தவர்களே அதைப் பந்தயத்திலும் ஓட்டினார்கள். விற்கவும் வாங்கவும் தனியாக அணி என்று ஒன்று இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல் ரெனோ அரசுடைமையானது. புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வரும்வரை, அந்நகரை ஆண்ட அரசே ரெனோவின் முதலாளியாகவும் இருந்தது.

உலக சாம்பியன்ஷிப் 1950-ல் தொடங்கியபோது ஆல்ஃபா ரோமியோவும், 1954-ல் மெர்சிடஸும் தங்கள் சொந்த அணிகளோடு வந்து வென்றன. 1955 லெ மான் பந்தய விபத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டின் முடிவில் மெர்சிடஸ் பந்தயத்தை விட்டு விலகியது. அதன்பின் களம் கூப்பர், லோட்டஸ் போன்ற சிறிய பிரிட்டிஷ் பட்டறைகளின் கைக்குப் போனது. ஃபோர்டு பணத்தில் காஸ்வொர்த் உருவாக்கிய எஞ்சின் 1967-ல் வந்த பிறகு, கார் தொழிற்சாலை எதுவும் இல்லாத ஒருவர்கூட எஞ்சினை விலைக்கு வாங்கி உலக சாம்பியன் ஆக முடிந்தது.

வாங்கல் கதையின் முதல் பெரிய நிகழ்வு 1969. ஃபெராரியின் 50 விழுக்காட்டுப் பங்கை ஃபியட் வாங்கியது. பந்தயப் பிரிவின் கட்டுப்பாடு மட்டும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று என்ஸோ ஃபெராரி உறுதியாக நின்றார்; 1988-ல் இறக்கும்வரை அது அவரிடமே இருந்தது. பணம் தருபவரிடம் பந்தயத்தைக் கொடுக்காமல் காத்த இந்த ஏற்பாடே, பின்னால் வந்த எந்த ஒப்பந்தத்தையும்விடச் சிறந்தது என்று சொல்லலாம். ஃபெராரி இன்றுவரை பெயர் மாறாமல் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டுவதா, வாங்குவதா

அணியைப் புதிதாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டொயோட்டா சாட்சி. ஜெர்மனியின் கொலோன் நகரில் பெரும் பட்டறை அமைத்து 2002 முதல் 2009 வரை ஓடிய அந்த அணிக்கு ஒரு வெற்றிகூடக் கிட்டவில்லை. காற்றோட்டச் சோதனைக்கூடம், அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள், பந்தய நாளில் பதறாமல் முடிவெடுக்கும் குழு ஆகியவை சேர்ந்து பழகப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளைத்தான் நிறுவனங்கள் விலைக்கு வாங்குகின்றன.

1999 முதல் இது அலையாக வந்தது. ஃபோர்டு, ஸ்டூவர்ட் அணியை வாங்கி ஜாகுவார் என்று பெயர் சூட்டியது. டைம்லர் கிரைஸ்லர், மெக்லாரனில் 40 விழுக்காட்டுப் பங்கை எடுத்தது. பி.ஏ.ஆர். அணியை ஹோண்டாவும், சவுபர் அணியை பி.எம்.டபிள்யூவும் வாங்கின. 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்ததும் அலை பின்வாங்கியது: அந்த டிசம்பரில் ஹோண்டா, 2009 ஜூலையில் பி.எம்.டபிள்யூ, நவம்பரில் டொயோட்டா என்று ஒவ்வொன்றாக வெளியேறின.

இவற்றில் ஹோண்டாவின் முடிவு ஆற்றாமையைத் தருவது. 2009-ன் புதிய விதிகளுக்காக அந்த அணி முந்தைய ஆண்டு முழுவதும் உழைத்து ஒரு காரை உருவாக்கியிருந்தது. அது ஓடுவதற்குள் அணியை அதன் தலைவர் ராஸ் பிரானிடம் ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிட்டு ஹோண்டா போனது. அதே கார் 2009-ன் ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டையும் வென்றது. ஆண்டு முடிவதற்குள் மெர்சிடஸ் அந்த அணியை வாங்கிக்கொண்டு, 2014 முதல் 2021 வரை எட்டு அணிப் பட்டங்களைத் தொடர்ந்து அள்ளியது. ஃபோர்டுக்கும் இதே கதிதான். 2004 நவம்பரில் ஜாகுவார் அணியை அடையாளமாக ஒரு டாலருக்கு ரெட் புல் பான நிறுவனத்திடம் கொடுத்தது. ரெட் புல் இதுவரை ஆறு அணிப் பட்டங்கள் பெற்றிருக்கிறது. தோற்ற அணிகள் அல்ல அவை. பொறுமை இழந்தவை அவற்றின் முதலாளி நிறுவனங்கள்.

ஜோர்டானிலிருந்து ஆஸ்டன் மார்ட்டின் வரை

தமிழ்நாட்டு வாசகருக்கு நெருக்கமான கதை சில்வர்ஸ்டோன் பந்தயத்தடத்தின் வாசலில் உள்ள ஒரு பட்டறையுடையது. அயர்லாந்துக்காரர் எடி ஜோர்டான் தொடங்கிய அணி 1991-ல் ஃபார்முலா ஒன்னில் இறங்கியது. 1998 பெல்ஜியப் பந்தயத்தில் டேமன் ஹில் அதற்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். 2005 தொடக்கத்தில் ஜோர்டான் அதை மிட்லேண்ட் குழுமத்திடம் விற்றார். பழைய பெயரில் மஞ்சள் கார்கள் ஓடிய அந்தக் கடைசி ஆண்டில், ஓட்டுநர் இருவரில் ஒருவராக அமர்ந்தவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன்.

நரேனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். பதினைந்து வயதில் நரேன் பிரான்சின் வின்ஃபீல்டு ஓட்டுநர் பள்ளியில் ஃபார்முலா ரெனோ காரில் பயின்று, 1992-ன் தேர்வுப் போட்டியில் அரையிறுதிவரை சென்றார். இந்தியாவில் அவர் ஓட்டியது, மாருதி எஞ்சின் வைத்து கோயம்புத்தூரின் கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி. 2001 ஜூன் 14 அன்று, அப்போது ஃபோர்டின் சொத்தாக இருந்த ஜாகுவார் காரை அவர் சில்வர்ஸ்டோனில் சோதித்துப் பார்த்தார். 2005-ல் டாடாவின் ஆதரவோடு ஜோர்டானில் சேர்ந்து, ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில் டயர் கோளாறு அச்சத்தால் மிச்செலின் டயர் அணிகள் எல்லாம் விலக, ஆறு கார்கள் மட்டும் ஓடின. அதில் நான்காவதாக வந்து நரேன் ஐந்து புள்ளிகள் பெற்றார். ஆறு கார் பந்தயம்தானே என்று குறைத்துப் பேசுவோர் உண்டு; அந்த ஆறில் ஒன்றாக அங்கே நிற்பதற்கே ஒருவருக்கு எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டியிருந்தது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

2006 செப்டம்பரில் இந்த அணியை ஸ்பைக்கர் என்ற சிறிய டச்சு கார் நிறுவனம் சுமார் 10.7 கோடி டாலருக்கு வாங்கியது. விலையுயர்ந்த கார்களைச் சிறு எண்ணிக்கையில் செய்துவந்த நிறுவனத்துக்கு அந்தச் சுமை தாங்கவில்லை. ஓராண்டில், 2007 அக்டோபரில், விஜய் மல்லையாவும் டச்சுத் தொழிலதிபர் மிஷியல் மோலும் 8.8 கோடி யூரோவுக்கு அணியை வாங்கினர். 2008-ல் அது ஃபோர்ஸ் இந்தியா ஆனது. மல்லையா பந்தயத்துக்குப் புதியவர் அல்லர். 1980-களில் சோழவரம் பந்தயத்தடத்தில் பழைய ஃபார்முலா ஒன் காரொன்றை ஓட்டியவர்.

இந்தியக் கொடி வண்ணம் பூசிய கார்கள் நன்றாகவே ஓடின. 2009-ல் பெல்ஜியத்தில் அணியின் ஓட்டுநர் ஃபிஸிகெல்லா முதலிடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாவதாக வந்தார். 2016, 2017 இரு ஆண்டுகளிலும் அணி நான்காம் இடம் பிடித்தது. ஆனால் அந்தப் பெயரில் ஓடிய பதினோரு பருவங்களில் ஓர் இந்திய ஓட்டுநருக்குக்கூட அதில் பந்தய இருக்கை கிடைக்கவில்லை. சென்னையின் கருண் சந்தோக் 2010-ல் களமிறங்கியது ஸ்பெயின் நாட்டு அணியில். 2011 அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோது நரேன் ஓட்டியதும் அந்த ஸ்பெயின் அணியின் காரைத்தான்.

2011-ல் சஹாரா குழுமம் 42.5 விழுக்காட்டுப் பங்குக்கு 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பின்னர் இரு இந்திய உரிமையாளர்களும் கடனிலும் வழக்குகளிலும் சிக்க, 2018 ஜூலையில் அணி திவால் நிர்வாகத்தின்கீழ் சென்றது. கனடாவின் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு அதை வாங்கி, 400-க்கும் மேற்பட்டோரின் வேலையைக் காத்தது. 2020-ல் ஸ்ட்ரோல் ஆஸ்டன் மார்ட்டின் கார் நிறுவனத்திலும் முதலீடு செய்தார். 2021 முதல் அணி அந்தப் பெயரைத் தாங்குகிறது. இங்கே நடந்தது தலைகீழ்: கார் நிறுவனம் அணியை வாங்கவில்லை, அணியின் உரிமையாளர் கார் நிறுவனத்துக்குள் நுழைந்தார்.

ரெனோவின் வரவும் போக்கும்

ரெனோ 1977-ல் டர்போ எஞ்சினோடு, சொந்தமாகக் கட்டிய அணியோடு வந்தது. எஞ்சின் அடிக்கடி புகைந்து நின்றது. 1979-ல் டிஜோனில் ஓட்டுநர் ஜபுயி முதல் வெற்றி தந்தாலும், உலகப் பட்டம் எதுவும் இல்லாமல் 1985-ல் அந்த அணி மூடப்பட்டது. அடுத்த முறை ரெனோ வாங்கவே செய்தது: 2000 மார்ச்சில் 12 கோடி டாலருக்கு பெனட்டன் அணி. இங்கிலாந்தின் என்ஸ்டோன் பட்டறையிலிருந்து வந்த கார்களில் ஃபெர்னாண்டோ அலோன்சோ 2005, 2006 பட்டங்களை வென்றார். 2009 டிசம்பரில் பெரும்பான்மைப் பங்கை ரெனோ விற்றது. மூன்றே மாதத்தில், 2010 மார்ச்சில், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் நிசானோடு சேர்ந்து தொழிற்சாலை திறந்தது. 2015-ல் ஒரகடத்திலிருந்து குவிட் சிறுகார் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அப்போது லோட்டஸ் என்று பெயர் மாறிக் கடனில் மூழ்கியிருந்த என்ஸ்டோன் அணியை அடையாளத் தொகையாக ஒரு பவுண்டுக்கு ரெனோ திரும்ப வாங்கியது.

2021 முதல் அது ஆல்பைன். அணிகளின் செலவுக்கு அவ்வாண்டு உச்சவரம்பு வந்தது. புதிய அணி சேர்ந்தால் பழைய அணிகளுக்கு 20 கோடி டாலர் ஈடு தரவேண்டும் என்ற விதியும் வந்ததால், இருக்கும் அணிகளின் மதிப்பு ஏறியது. 2023-ல் ஆல்பைனின் 24 விழுக்காட்டுப் பங்குக்கு மட்டும் ரெனோ 20 கோடி யூரோ பெற்றது. ஆனால் பிரான்சின் விரி ஷாத்தியோனில் தலைமுறைகளாக நடந்த ஃபார்முலா ஒன் எஞ்சின் தயாரிப்பை 2025-ஓடு நிறுத்திவிட்டு, மெர்சிடஸ் எஞ்சினை வாங்கிக்கொள்ள முடிவெடுத்தது. 1906-ல் வென்ற நிறுவனம் இப்படிச் செய்தது கணக்குக்குச் சரியாக இருக்கலாம். பந்தய மரபுக்கு அது இழப்பு.

இந்திய நிறுவனங்கள்

2008-ல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு டாடா வாங்கியபோது, ஜாகுவாரின் ஃபார்முலா ஒன் அணி கைமாறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மின்கார் பந்தயமான ஃபார்முலா ஈ-யில் 2016-ல் ஜாகுவார் மீண்டும் வந்து, 2023–24 பருவத்தின் அணிப் பட்டத்தை வென்றது. இந்திய உடைமையில் இருக்கும் கார் நிறுவனம் ஒன்று உலக அளவில் பெற்ற மிகப் பெரிய பந்தய வெற்றிகளுள் ஒன்று இது. நம் செய்தித்தாள்கள் இதற்கு உரிய இடம் தரவில்லை.

மஹிந்திரா, ஃபார்முலா ஈ தொடங்கிய 2014-லேயே தன் பெயரில் அணி இறக்கியது. முதல் பருவ ஓட்டுநர்களில் கருண் சந்தோக் ஒருவர். 2017-ல் பெர்லினில் முதல் வெற்றி வந்தது. வாகன நிறுவனம் ஒன்று பொறுமையாக, பருவத்துக்குப் பருவம் நிலைத்து நிற்பதற்கு இந்தியாவின் நல்ல எடுத்துக்காட்டு அதுதான்.

மோட்டார் சைக்கிளில் இதைவிடப் பழைய எடுத்துக்காட்டு ஓசூரின் டி.வி.எஸ். 1982-ல் தொடங்கிய அதன் பந்தயப் பிரிவு எதையும் விலைக்கு வாங்காமல், சொந்தப் பொறியாளர்களையும் ஓட்டுநர்களையும் உருவாக்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்தில் தொடங்கி 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைத்தது. அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் தொழிற்சாலை இருக்கிறது, ஒரகடம் பக்கத்திலேயே. வெளிநாட்டு அணிகளுக்குப் பெருந்தொகை கொடுக்கும் நிறுவனங்கள், கார் செய்து சம்பாதிக்கும் இந்த மண்ணின் இளம் ஓட்டுநர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் அதில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும், இலாபம் குறைந்த ஆண்டிலும், ஒதுக்க வேண்டும்.