போனவளைப் பற்றிய பாட்டு

1967 பிப்ரவரியில் லண்டன் ‘டெய்லி மெயில்’ பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. 17 வயசுப் பெண் ஒருத்தி காரையும் விட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். இங்கே அவளுக்கு எல்லாம் இருந்ததே, ஏன் போனாள் என்று விளங்கவில்லை என்கிறார் தகப்பனார். பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மெக்கார்ட்னி அதைப் படித்தார். ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பிறந்தது. மார்ச்சிலேயே பதிவாகிவிட்டது. கிட்டாரும் டிரம்மும் இல்லை. ஹார்ப்பும் வயலின் வகையறாக்களும் வாசிக்க, மெக்கார்ட்னியும் லெனனும் பாடினார்கள். இதை ராக் என்று சொல்லலாமா என்பது வேறு தகராறு.

பாட்டில் அவள் விடியற்காலையில் போகிறாள். நிஜத்தில் போனது பகலில், பெற்றோர் வேலைக்குப் போயிருந்தபோது. பத்து நாள் போலக் கழித்துக் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். பாட்டில் அவள் திரும்புவதில்லை. செய்தியைப் பாட்டு இப்படித் திருத்திக்கொண்டது நியாயம்தான். ஆனால் அதன் பலம் வேறிடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. மெக்கார்ட்னி போகிறவளைச் சொல்லிக்கொண்டு போக, லெனன் பெற்றோரின் குரலில் குறுக்கிடுகிறார். அந்தக் குரல் சொல்வதெல்லாம் அவர்கள் செய்த தியாகத்தின் கணக்கு. கணக்கு நீள நீள அவர்கள் பேரில் இரக்கம் உண்டாகிறது. அவள் ஏன் போனாள் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

நமக்கு இந்தக் குரல் புதிதல்ல. உடன்போக்கு என்று பெயரிட்டு, பரீட்சைக் கேள்வியாக்கி, நாம் மறந்துபோன சமாச்சாரம். மகள் போனபின் தாய் இரங்குவதற்கென்றே ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பத்துப் பாட்டு ஒதுக்கியிருக்கிறார். கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில் செவிலி பாலை வழியே தேடிப் போகிறாள். எதிர்ப்பட்ட முக்கோல் அந்தணரைக் கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள். கண்டும் தடுக்கவில்லை. மலைச் சந்தனம், கடல் முத்து, யாழின் இசை எதுவும் பிறந்த இடத்துக்குப் பயன்படுவதில்லை, உன் மகளும் அப்படியே, அவள் செய்தது அறம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பெண்ணைப் பூச்சாகவும் நகையாகவும் காட்டும் உவமைகள் என்று இன்று குறை சொல்லலாம்; சொல்லவும் வேண்டும். என்றாலும் வளர்த்தவளின் முகத்துக்கு நேரே அதை அறம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது.

பெரியாழ்வாரின் தாய் இன்னும் நெருக்கமானவள். மகள் கண்ணன் பின்னே போய்விட்டாள். இவள் கவலையெல்லாம், விடியுமுன் எழுந்து தயிர் கடையத் தெரியுமா, கயிறு இழுத்துக் கை தழும்பேறிவிடுமோ, யசோதை எப்படி நடத்துவாளோ என்பதுதான். ஆண்டாள் கதையைப் பின்னால் வைத்து இதைப் படிப்பது வைஷ்ணவ வழக்கம். கதை இல்லாமலே பாட்டு நிற்கிறது.

துரத்தி வருகிறவர்களையும் பழம்பாட்டு அறியும். நற்றிணை 362-இல், வழியில் சண்டைக்கு வருகிறவர்களை அஞ்சாமல் எதிர்ப்பேன், உன் சுற்றத்தார் வந்தாலோ மறைந்துகொள்வேன் என்று அவளிடம் சொல்கிறான் தலைவன். அவள் மனிதர்கள் மேல் கை ஓங்கக் கூடாது என்ற எண்ணம்.

கம்மாபுரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறவன், விருத்தாசலத்தை ஒட்டிய புதுக்கூரைப்பேட்டையைத் தாண்டிப் போய்விட முடியாது. தலித் இளைஞர் முருகேசனும் வன்னியப் பெண் கண்ணகியும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். முருகேசன் அவளை மூங்கில்துறைப்பட்டில் உறவினர் வீட்டில் மறைத்து வைத்தார். சுற்றத்தார் தேடிப் பிடித்தார்கள். ஜூலையில், ஊரார் பார்த்திருக்க, இருவருக்கும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். 2021-இல் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும், தகப்பனார் உள்ளிட்ட 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. அடுத்த வருஷம் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாக மாற்றியது. உச்சநீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது 2025 ஏப்ரலில், அவர்கள் இறந்து 21 வருஷம் கழித்து.