பேய்க்கதையும் வரலாறும்: லோயிஸ் டங்கனின் இளையோர் நாவல்கள் பற்றிய ஒரு மறுநோக்கு

இலக்கிய ஆக்கம் ஒன்று 'பழமைப்பட்டுவிட்டது' என்று கூறும்போது நாம் உண்மையில் எதனைக் குறிப்பிடுகின்றோம் என்பது ஆராயப்பட வேண்டியதொன்றாகும். செவ்விலக்கியங்களைப் பொறுத்தவரை இவ்வினா பல தடவை எழுப்பப்பட்டுள்ளது. ஆனால், மலிவுப் பதிப்புகளாக விற்பனையாகி, வாசித்தோரின் இளமையுடனேயே மறக்கப்பட்டுவிடும் நூல்கள் இத்தகைய நோக்குக்கு உட்படுவது அரிது. ஐக்கிய அமெரிக்காவில் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் பதின்வயதினருக்கென எழுதப்பட்ட அமானுஷ்யத் திகில் நாவல்கள் அவ்வகையின. அத்துறையில் முன்னின்ற லோயிஸ் டங்கனின் (1934–2016) மூன்று நாவல்களை இன்றைய வாசகரின் நிலையில் நின்று மீண்டும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நாவல்கள் தோன்றிய சூழலை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1967 இல் எஸ். ஈ. ஹின்ரனின் 'தி அவுட்சைடர்ஸ்' வெளிவந்ததன் பின்னர், பதின்வயதினர் தனியொரு வாசகர் கூட்டமாகவும் தனியொரு சந்தையாகவும் பதிப்பகங்களால் இனங்காணப்பட்டனர். 1971 இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளியான 'தி எக்ஸோசிஸ்ற்' நாவலும் 1973 இல் அதனைத் தழுவி வந்த திரைப்படமும் பேய் பற்றிய அச்சத்தைப் பெருவணிகமாக்கின. இவ்விரு போக்குகளும் சந்தித்த இடத்திலேயே டங்கனின் அமானுஷ்யக் கதைகள் பிறந்தன எனலாம்.

1974 இல் வெளிவந்த 'டவுன் எ டார்க் ஹோல்' நாவலில், விதவையான தாய் மறுமணம் செய்துகொண்டதும், கிற் என்னும் பெண் ஒதுக்குப்புறமான விடுதிப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பப்படுகின்றாள். அங்குள்ள நான்கு மாணவியரின் உடல்களினூடாக இறந்துபோன கலைஞர்களும் அறிஞர்களும் புதிய ஆக்கங்களைப் படைக்கின்றனர். களைத்து நலிவோர் மாணவியர். பயன்பெறுபவளோ பாடசாலைத் தலைவி. கிற் எழுதும் கடிதங்கள் வெளியே செல்வதில்லை. இந்நூலின் முதற் பிரதியில் ஆவிகள் யாவும் ஆண்களாகவும் பலியாவோர் யாவரும் பெண்களாகவும் அமைந்தமையால், அது திருத்தத்துக்கெனத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆண் கவிஞர் ஒருவரின் இடத்தில் எமிலி புரொண்ரேயை அமைத்த பின்னரே ஏற்கப்பட்டது. பெண்நிலைவாத இயக்கம் பதிப்பகத்தின் வாசல்வரை வந்துவிட்டிருந்தமைக்கு இது சான்றாகும். எனினும், ஆவி ஒன்றின் பால் மாறியதேயன்றி, பெண்ணுடல் பிறருக்குக் கருவியாகும் உறவு மாறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

1976 இல் வந்த 'சமர் ஒஃப் ஃபியர்' வேறொரு உண்மையைக் காட்டுகின்றது. பெற்றோரை விபத்தில் இழந்த ஜூலியா, ஒசார்க் மலைப்பகுதியிலிருந்து தன் உறவினரான றேச்சலின் வீட்டுக்கு வருகின்றாள். றேச்சலின் உடை, காதலன், பெற்றோரின் அன்பு யாவும் படிப்படியாக வந்தவளின் வசமாகின்றன. இறுதியில், வந்தவள் ஜூலியா அல்லள், அக்குடும்பத்தில் வேலைக்கு நின்ற சேரா என்னும் சூனியக்காரி என்பது வெளிப்படுகின்றது. இளவயதில் இதனை வாசித்தோர் சூனியத்துக்கு அஞ்சியிருப்பர். இன்று வாசிப்போர், வேலைக்காரி எசமானரின் மகளிடத்தில் அமர்ந்துவிடுவாள் என்ற அச்சத்தையே காண்பர். 1964 இல் ஜனாதிபதி ஜோன்சன் வறுமைக்கெதிரான போரைப் பிரகடனஞ் செய்தபின், மலைப்பிரதேச வறியோர் அந்நாட்டின் பொதுவிவாதத்தில் இடம்பெற்றிருந்தனர். அவ்வறுமை இந்நாவலில் சூனியமாக உருமாறி நடுத்தர வர்க்கத்தின் வீட்டினுள் நுழைகின்றது. சேராவின் ஆசை எங்கிருந்து பிறந்தது என்ற வினாவை நூல் எழுப்புவதேயில்லை.

இவ்வகையில் மிக முக்கியமானது 1981 இல் வெளியான 'ஸ்ரேஞ்சர் வித் மை ஃபேஸ்' ஆகும். வெள்ளையர் குடும்பமொன்றில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த லோறி, தன் தாய் நவாஹோ இனத்தவள் என்பதையும், தனக்கு லியா என்னும் இரட்டைச் சகோதரி உண்டென்பதையும் அறிகின்றாள். வளர்ப்பு வீடுகளில் அலைந்த லியா, உடலைவிட்டு ஆவியாக உலாவும் ஆற்றலால் லோறியின் உடலைக் கைப்பற்ற முயல்கின்றாள். இவ்வாற்றல் நவாஹோ மரபுக்குரியதெனக் கதை கூறுகின்றது. வரலாறு கூறுவதோ வேறு. 1958 முதல் 1967 வரை அமெரிக்க அரசின் பழங்குடி விவகாரத் துறை, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிற குடும்பங்களிற் சேர்க்கும் தத்தளிப்புத் திட்டமொன்றை நடத்தியது. பூர்வகுடிப் பிள்ளைகளுள் 25 முதல் 35 வீதமானோர் தம் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தனர் என 1970களின் ஆய்வுகள் வெளிப்படுத்தின. அதன் விளைவாகவே 1978 இல் பூர்வகுடிப் பிள்ளைகள் நலச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்துக்கு மூன்று ஆண்டுகளின் பின் வந்த நாவலில், பிரிக்கப்பட்ட சகோதரியின் கோபம் ஒரு சமூகத்தின் முறையீடாகவன்றி, தனியொருத்தியின் பிறவித் தீமையாகவே சித்திரிக்கப்படுகின்றது. அமானுஷ்யம் இங்கு வரலாற்றை மறைக்கும் திரையாகத் தொழிற்படுகின்றது.

இந்நூல்கள் பல 2010, 2011 ஆம் ஆண்டுகளில் ஆசிரியராலேயே காலத்துக்கேற்பத் திருத்தப்பட்டு மறுபதிப்புப் பெற்றன. கைத்தொலைபேசியும் கணினியும் புகுத்தப்பட்டன. கையில் தொலைபேசி இருக்கையில் உதவி கோர முடியாமற்போவது ஏன் என்பதற்கும் காரணங்கள் தேட வேண்டியதாயிற்று. அமானுஷ்யம் கலவாத திகில் நாவலான 'ஐ நோ வட் யூ டிட் லாஸ்ற் சமர்' (1973) நூலில், வியட்னாம் போரிலிருந்து திரும்பிய இளைஞன், புதிய பதிப்பில் ஈராக்கிலிருந்து திரும்பியவனாகின்றான். கட்டாய ஆட்சேர்ப்பு முடிவுக்கு வந்த ஆண்டில் எழுதப்பட்ட கதையில், ஒரு தலைமுறையையே பிளந்த போர், உடை மாற்றுவதுபோல் மாற்றப்படுகின்றது. இன்றைய இளையோரைச் சென்றடைய விரும்பும் எழுத்தாளரின் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மாற்றப்பட்டவை பொருள்களே, உறவுகள் அல்ல. வேலைக்காரி சூனியக்காரியாகவும் நவாஹோச் சிறுமி ஆவியாகவும் அமைந்த கதையடித்தளம் அப்படியே எஞ்சுகின்றது. பழைய பதிப்பில் அக்காலத்தின் தவறாகத் தென்படும் இது, புதிய பதிப்பில் இக்காலத்தின் இயல்பாகிவிடுகின்றது.

இக்குறைகளால் இந்நூல்களை ஒதுக்கிவிடலாம் என்பதல்ல எமது முடிபு. மூன்று நாவல்களிலும், தனக்கு நேரும் தீங்கினை உணர்ந்து கூறும் ஓர் இளம்பெண்ணை மூத்தோர் நம்ப மறுக்கின்றனர். அவளது அறிவே இறுதியில் மெய்யென நிறுவப்படுகின்றது. பெண்ணின் சாட்சியம் எளிதில் புறக்கணிக்கப்பட்ட காலத்தில் இளம் வாசகியர் இக்கதைகளை நாடியமைக்கு இதுவே தக்க காரணமாகலாம். ஆனால் அதே நூல்கள் சேராவின் சாட்சியத்தையும் லியாவின் சாட்சியத்தையும் கேட்க மறுத்தன. எவரை நம்பினர், எவரை நம்பவில்லை என்பதே ஒரு காலத்தின் வரலாறு. அதனைப் படிப்பதற்குப் பழமைப்பட்ட பிரதி பழமைப்பட்டவாறே எமக்கு வேண்டும்.