கழுத்துத் தேய்மானமும் தலைசுற்றலும்: பாரேயின் 1926ஆம் ஆண்டு விளக்கத்துக்கு ஒரு மறுப்பு

கழுத்தெலும்புத் தேய்மானம் தலைசுற்றலைத் தரும் என்ற கருத்தை மருத்துவ உலகில் ஊன்றியவர்களில் முதன்மையானவர் ஸ்ட்ராஸ்பர்க் நரம்பியல் மருத்துவர் ழான் அலெக்சாண்டர் பாரே. 1926இல் அவர் எழுதிய கட்டுரையையும், அவருடைய சீன மாணவர் லியூ 1928இல் அளித்த ஆய்வேட்டையும் ஒட்டியே 'பாரே–லியூ நோய்த்தொகுதி' என்ற பெயர் வந்தது. தேய்ந்த மூட்டுகள் முதுகெலும்புத் தமனியைச் சுற்றியுள்ள பரிவு நரம்புகளை உறுத்துகின்றன, தமனி சுருங்குகிறது, உட்காதுக்கும் மூளைத்தண்டுக்கும் இரத்தம் குறைந்து தலை சுற்றுகிறது, காது இரைகிறது. இதுவே பாரேயின் விளக்கம்.

இதை ஏற்க இயலவில்லை. தேய்மானமும் தலைசுற்றலும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதைப் பாரே கண்டார். ஒன்று மற்றதை உண்டாக்கியது என்பதற்கு அந்தச் சேர்க்கை சான்றாகாது. அறுபது வயதைக் கடந்தவர்களின் எக்ஸ்-ரேயில் கழுத்துத் தேய்மானம் பெரும்பாலும் தெரியும். தலைசுற்றலையே அறியாதவர்களுக்கும் தெரியும். மேலும், தலையை அசைத்தால் கழுத்து மட்டுமா அசைகிறது? உட்காதும் சேர்ந்தே அசைகிறது. தலையின் நிலை மாறும்போது வரும் சுற்றலை உட்காதோடு இணைத்து ராபர்ட் பாரனி 1921இலேயே எழுதிவிட்டார். பாரே விளக்கத்தின் உயிர்நாடியான தமனிச் சுருக்கமும் சோதனையில் நிற்கவில்லை. 1981இல் பொக்டுக்கும் உடன் ஆய்வாளர்களும் குரங்குகளின் பரிவு நரம்புகளைத் தூண்டிப் பார்த்தபோது, முதுகெலும்புத் தமனியின் இரத்த ஓட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை.

எலும்பு முள் தமனியை நேரடியாக நெரிக்கிறது என்ற விளக்கம் 1950களிலும் 60களிலும் வலுப்பெற்றது. பரிவு நரம்பு விளக்கத்தை அது எந்த ஆண்டில் பின்தள்ளியது என்று கோடு கிழிக்க முடியாது. இரண்டும் நெடுங்காலம் அருகருகே இருந்தன. தலை திருப்பும்போது தமனி நெரிபடுவது உண்மையில் நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. ஒரு தமனி நெரிந்தாலும் மறுபக்கத் தமனி பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

1955இல் ரயனும் கோப்பும் 'கழுத்துவழித் தலைசுற்றல்' என்று பெயரிட்டு, கழுத்து மூட்டுகளின் உணர்விகள் தரும் தவறான செய்தியைக் காரணமாக்கினார்கள். ஆயினும் உண்மையான திருப்பம் 1977 என்பதே என் வாதம். அவ்வாண்டு டி யோங் குழுவினர் கழுத்தின் ஒரு பக்கத்தில் ஆழமாக மரப்பு ஊசி போட்டார்கள். விலங்குகளின் கண்கள் அலைந்தன. மனிதர்களுக்கோ ஊசி போட்ட பக்கமாகச் சாய்வது போன்ற உணர்வு. கால்களை அகல வைத்துத் தள்ளாடி நடந்தார்கள். கண்கள் மட்டும் அலையவில்லை. ஊசிக்கு உட்பட்ட மனிதர்கள் வெகு சிலரே. அப்படியிருந்தும் இச்சான்றை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கழுத்து மனிதருக்குத் தருவது தள்ளாட்டம்; உலகமே சுழலும் சுற்றல் அன்று. தமிழில் நாம் இரண்டையும் 'தலைசுத்துது' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நோயாளி எதைச் சொல்கிறார் என்று கேட்டறியாமல் காரணம் தேடுவது வீண்.

உணர்வி விளக்கத்திலும் ஒரு முரண் தீரவில்லை. நிலையுணர்வு தரும் உணர்விகள் மேற்கழுத்தின் முதல் மூன்று எலும்புகளையொட்டிச் செறிந்துள்ளன; தேய்மானமோ ஐந்து, ஆறு, ஏழாம் எலும்புகளுக்கிடையில்தான் மிகுதி. இறுகிய கழுத்துத் தசைகள் இந்த இடைவெளியை இணைக்கலாம். அது இன்னும் நிறுவப்படவில்லை. தண்டுவடமே அழுத்தப்பட்டால் வரும் தள்ளாட்டம் வேறு வகை, அதைத் தவறவிடலாகாது.

கழுத்துவழித் தலைசுற்றலை உறுதிசெய்யும் தனிச் சோதனை இன்றுவரை இல்லை. பிற காரணங்களை விலக்கியே அந்த முடிவுக்கு வரவேண்டும். ஆகவே எக்ஸ்-ரேயைப் பார்த்துக் கழுத்துப் பட்டை எழுதித் தருமுன், தலையின் நிலை மாறும்போது வரும் உட்காதுச் சுற்றலைக் கண்டறிய 1952இல் டிக்ஸும் ஹால்பைக்கும் வகுத்த சோதனையைச் செய்யுங்கள். கழுத்து இடம் கொடுத்தால், தலையை 45 பாகை திருப்பி நோயாளியைச் சட்டெனப் படுக்க வைத்து, அவர் கண்கள் அலைகின்றனவா என்று அரை நிமிடம் உற்றுப் பாருங்கள்.