காய்ச்சல் நெத்தியிலதான் சார் இருக்கு

எங்க தெரு அக்கா ஒருத்தி. திருநங்கை. நாலு நாளாக் காய்ச்சல் விடவில்லை என்று ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்திலேயே தகராறு. "ஆணா, பொண்ணா, என்னன்னு போடறது?" என்று அக்காவைக் கேட்காமல் என்னைக் கேட்டார் சீட்டு எழுதியவர். உள்ளே போனால் பயிற்சி டாக்டர்கள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். "ஆபரேஷன் ஆயிடுச்சா? எங்க பண்ணினது? காட்டு" என்றார் பெரிய டாக்டர். அக்கா சொன்னாள்: "காய்ச்சல் நெத்தியிலதான் சார் இருக்கு." நெத்தியை யாரும் தொடவில்லை.

தொடாமல் பார்க்கிற கண் சேரியில் பிறந்த எனக்குப் புதுசில்லை. ஆனால் நெத்தியைத் தொடக் கூசுகிறவர் துணியை மட்டும் அவிழ்க்கச் சொல்கிறாரே, இது எங்கிருந்து வந்த பழக்கம்? தேடிப் போனால் அது ஒரு போலீஸ் சட்டத்தில் போய் நிற்கிறது.

1871ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். முதலில் வடக்கே அமலானது. 1911இல் வேறு உருவெடுத்து சென்னை மாகாணத்துக்கு வந்தபோது கள்ளர், குறவர் தலையில் விடிந்தது. அந்தக் கைரேகைக் கதை நமக்குத் தெரியும். 1871 சட்டத்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அது முழுக்க 'யூனக்' என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த ஆட்களைப் பற்றியது. யார் யூனக்? ஆண்மையில்லை என்று தானே ஒப்புக்கொள்கிற ஆண். இல்லாவிட்டால் மருத்துவச் சோதனையில் அப்படித் தெளிவாகத் தெரிகிற ஆண். ஆக, நீ யார் என்று சொல்கிற அதிகாரம் சட்டப்படியே டாக்டர் கைக்குப் போய்விட்டது. சந்தேகப் பட்டியலில் பேர் ஏறியவர் பெண் உடையில் தெருவில் வந்தால் வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம், ரெண்டு வருஷம் வரை உள்ளே தள்ளலாம். பொது இடத்தில் காசுக்கு ஆடினாலும் அதே கதிதான். உயில் எழுதக்கூடாது, பிள்ளையைத் தத்தெடுக்கக்கூடாது. பாடி ஆடிப் பிழைத்த சனத்தின் வாயில் மண்.

1884இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கை இங்கே சொல்லியாக வேண்டும். மொரதாபாத்தில் கைராதி என்று ஒரு ஆள். போலீஸ் கண்காணிப்பில் இருந்தவர். பெண் உடை உடுத்தி, ஒரு குடும்பத்துப் பெண்களோடு பாடிக்கொண்டிருந்தார் என்று பிடித்தார்கள். குற்றம்? பிரிவு 377. யாரோடு, எங்கே, எப்போது? எதுவும் கிடையாது. சாட்சி சொன்னது உடம்பு மட்டும். சிவில் சர்ஜன் சோதித்து, ஆசனவாய் எக்காளம்போல விரிந்திருக்கிறது, இது வழக்கமாக அந்தக் காரியத்துக்கு உடன்படுகிறவனின் அடையாளம் என்று எழுதிக் கொடுத்தார். அதை நம்பி கீழ்க்கோர்ட்டு தண்டித்தது. உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. ஏதோ கருணையால் என்று நினைத்துவிடாதீர்கள். நேரம், இடம், ஆள் இல்லாமல் குற்றம் நிற்காது என்பதால்தான். அந்த நீதிபதியும் இந்த 'அருவருப்பை' ஒடுக்க நினைத்த மொரதாபாத் அதிகாரிகளைப் பாராட்டிவிட்டுத்தான் விடுவித்தார். சர்ஜனின் எக்காளத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை.

சென்னை அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கை அளந்த காலமும் ஏறக்குறைய இதேதான். ஒருத்தனுக்கு மூக்கு, இன்னொருத்திக்கு ஆசனவாய்.

அப்புறம் போலீஸ் டாக்டர் இடத்துக்கு மனநல டாக்டர் வந்தார். 1973இல் தன்பால் விருப்பத்தை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், 1980இல் பால் மாற விரும்புகிறவரைப் பட்டியலில் சேர்த்தது. 1990இல் உலக சுகாதார அமைப்பு ஒப்புக்கொண்ட பத்தாவது பட்டியலிலும் இது மனக்கோளாறு அத்தியாயத்தில்தான் இருந்தது.

பட்டியல் என்கிற சொல் நமக்கும் பழக்கம்தானே. பட்டியலில் இருந்தால் இழிவு. இல்லாவிட்டால் உரிமை கிடையாது. தாசில்தார் எழுதித் தந்தால்தான் நான் பறையன் என்பதுபோல, மனநல டாக்டர் எழுதித் தந்தால்தான் அவள் பெண். நோய் என்று எழுதாவிட்டால் சிகிச்சை இல்லை. ஹாரி பெஞ்சமின் பெயரில் அமைந்த டாக்டர் சங்கத்தின் விதிகளில், அறுவைக்கு முன் பன்னிரண்டு மாசம் விரும்பிய பாலிலேயே முழுநேரமும் வாழ்ந்து காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் இருந்தது. வாழ்ந்து காட்டலாம். வீடு யார் தருவார்? ஊரில் எங்களுக்கே வீடு கிடைக்காது, எங்க சாதியில் பிறந்த திருநங்கைக்கு யார் தருவான்? விதி எழுதினவருக்கு இது உறைத்திருக்காது.

நம்ம ஊரில் டாக்டர்கள் பயந்தார்கள். விரை நீக்கம் இந்தியத் தண்டனைச் சட்டம் 320இல் கொடுங்காயங்களின் வரிசையில் முதலாவதாக இருந்தது. அதனால் நிர்வாணம் தாயம்மா கையாலோ, பேர் தெரியாத கிளினிக்கிலோ நடந்தது. பிழைத்தவள் நாற்பதாம் நாள் சடங்குக்கு உட்கார்ந்தாள். பிழைக்காதவளுக்குக் கணக்கே இல்லை. தலித்தாகப் பிறந்த லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் தன் வாழ்க்கையைத் தமிழில் எழுதியபோதுதான் படித்தவர்கள் பலருக்கு அந்த வலி எட்டியது. 2008இல் தமிழ்நாட்டில் நல வாரியம் வந்தது. அரசு மருத்துவமனையில் கட்டணமில்லா அறுவைக்கு வழி பிறந்தது. போராடி வாங்கினது, சும்மா வந்ததில்லை.

2014இல் உச்சநீதிமன்றம், அறுவை செய்தால்தான் அங்கீகாரம் என்று கேட்பது சட்டவிரோதம் என்றது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகப் பட்டியலில் இது மனக்கோளாறு அத்தியாயத்தை விட்டு வெளியே வந்தது. பாலியல் நலம் என்கிற தனி அத்தியாயத்தில் வைத்தார்கள். 'மாற்றுகிறேன்' என்று சொல்லி நடத்தும் சிகிச்சையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் தடுத்தது.

சரி, மாறிவிட்டது என்று மூச்சுவிடப் போனால், 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட சட்ட மருத்துவப் பாடத்திட்டத்தில் ஆண் ஆணோடும், பெண் பெண்ணோடும் சேர்வது இயற்கைக்கு மாறான குற்றம் என்று மறுபடி இருந்தது. மாற்றுப்பால் உடை உடுத்துவது வக்கிரங்களின் வரிசையில். எதிர்ப்பு கிளம்பிச் செப்டம்பரில் வாபஸ் வாங்கினார்கள். கைராதியின் வழக்கு வந்து அப்போது 140 வருஷம் ஆகியிருந்தது. அக்காவைச் சூழ்ந்து நின்ற பிள்ளைகளைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. பாடத்தில் இருப்பதைத்தானே படிப்பார்கள்?

அக்காவுக்கு டைபாய்டு. மறுநாள் வெளியே லேபில் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொண்டோம். அந்த ஓ.பி. சீட்டை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். பால் என்கிற இடத்தில் மூன்று தடவை அடித்து அடித்து எழுதியிருக்கிறது. நோய் என்கிற இடம் காலியாக இருக்கிறது.