தாயின் சமையலறையில் தொடங்கும் மர்மப் படம்

துப்பறியும் படங்களைப் பற்றி நம்மவரிடையே ஓர் அபிப்பிராயம் ஊறிக் கிடக்கின்றது. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்க வேண்டும்; ஒரு பெண் அலற வேண்டும்; இருட்டிலே ஓர் உருவம் ஓடி மறைய வேண்டும். இவை அமைந்துவிட்டால் பார்ப்பவன் மூச்சடக்கி அமர்ந்துவிடுவான் என்பதே அது. அவன் திடுக்கிடுவான் என்பது மெய்யே. ஆயின் திடுக்கிடுதல் வேறு, அஞ்சுதல் வேறு. அடுத்த வீட்டில் பட்டாசு வெடித்தாலுந்தான் திடுக்கிடுகிறோம். மறு கணம் மறந்துவிடுகிறோம்.

இஃது இன்ன வகைப் படம் என்று உணர்த்துவதும், வரப்போகும் மாந்தர் எத்தகையர் என்று கோடிட்டுக் காட்டுவதும், காண்போர் நெஞ்சில் ஒரு கலக்கத்தை ஏற்றுவதும் முதற்காட்சியின் கடமை என்பர். நாம் அதனை மறுக்கவில்லை. எனினும் அதனினும் பெரிய கடமை ஒன்று அதற்கு உண்டு. காண்போரின் இரக்கம் எவர் பக்கம் சாய வேண்டும் என்பதை முதற்காட்சியே தீர்மானித்துவிடுகிறது. பின்னர் வரும் வழக்கும் விசாரணையும் தண்டனையும் அந்த இரக்கத்தை அடிப்படையாகக் கொண்டே நடக்கின்றன.

ஆல்பிரட் ஹிட்ச்காக் என்னும் ஆங்கிலேயர் 1927இல் வெளியிட்ட ‘தி லாட்ஜர்’ அலறும் பெண்ணொருத்தியின் முகத்தோடு தொடங்குகிறது. அது மௌனப் படமாதலின் அலறல் நம் செவியில் விழாது; திறந்த வாயும் பொன்னிறக் கூந்தலுமே கண்ணில் படும். நம் தமிழில் 1954இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட, வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ துப்பாக்கி வெடியோடு தொடங்குகிறது. சிவாஜி கணேசன் நடித்த ரேடியோ எஞ்சினியர் ராஜன் மாண்டு விழுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் போலீசிடம் ஓடுகிறார். கதாநாயகனே முதலில் பிணமாகிவிட்டபின், பாட்டும் கூத்தும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ‘இது வேறு வகைப் படம்’ என்று சொல்ல விளம்பரம் எதற்கு? அப்படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. இவ்விரண்டும் நல்ல தொடக்கங்களே. இரண்டும் எழுப்பும் வினா ஒன்றுதான்: கொன்றவன் யார்?

இவ்வினாவை ஒதுக்கிவிட்டு, கொல்லப்பட்டபோது இழக்கப்பட்டது யாது என்று முதலிற் கேட்ட படம் ஒன்று உண்டு. பிரிட்ஸ் லாங் என்பவர் தம் மனைவி தேயா பான் ஹார்போவுடன் சேர்ந்து கதை எழுதி இயக்க, 1931 மே 11இல் பெர்லின் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘எம்’ என்னும் ஜெர்மானியப் படமே அது. கொலைகாரனைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தே படத்தின் பெயர். லாங் எடுத்த முதற் பேசும் படமும் அதுவே. நம் முதற் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ வெளிவந்ததும் அதே 1931இல்தான். அது பாட்டுக்களால் நிரம்பியிருந்தது. ஒலி கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் உலகெங்கும் படக்காரர்கள் பாட்டையும் பேச்சையும் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒலி கிடைத்ததனால் மௌனமும் கிடைத்தது என்பதை லாங் கண்டுகொண்டார். அவர் படத்தில் பின்னணி இசை என்பதே இல்லை.

திரை இருண்டிருக்கிறது. ஒரு குழந்தையின் குரல் மட்டும் கேட்கிறது. பிறகு, அடுக்கு வீடுகளின் முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாய் நின்று விளையாடுவதை மேலிருந்து காண்கிறோம். நடுவில் நிற்கும் சிறுமி கொலைகாரனைப் பற்றிய ஓர் எண்ணல் பாட்டைப் பாடி, ஒவ்வொருவராய் வட்டத்தினின்றும் நீக்குகிறாள். பொல்லாப் பாட்டு என்று ஒருத்தி மாடியினின்றும் அதட்டுகிறாள். அவள் கூடையைச் சுமந்துகொண்டு ஏறிப்போய், துணி வெளுக்கும் எல்ஸியின் தாயிடம் அழுக்குத் துணிகளைக் கொடுத்துவிட்டு, அந்தப் பாட்டைப் பற்றிக் குறை சொல்கிறாள். அதற்கு அத்தாய் கூறும் விடைதான் படத்தின் உயிர்நிலை: பிள்ளைகள் பாடுவது காதில் விழும் வரையில் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள் என்றாவது தெரிகிறதே என்கிறாள்.

செக்ரோல் எழுதிப் பழகிய கிராணிகளாகிய நமக்கு இந்த ஒரு விடை போதும். பிறர் துணி வெளுத்து வயிறு வளர்ப்பவள் வேலையை விட்டுப் பிள்ளையின் பின்னே அலைய முடியாது. கண்ணால் காக்க முடியாத பிள்ளையைக் காதால் காக்கிறாள். ஆயாக் கொட்டகையில் சிசுவை விட்டுவிட்டுப் பால் வெட்டப் போன நம் தாய்மாரும், நிரையில் நின்றபடியே லயத்துப் பக்கம் ஒரு காதை வைத்திருந்தவர்கள்தாம். அத்தாயின் குணத்தை விளக்க லாங்குக்கு வேறு பேச்சுத் தேவைப்படவில்லை. சிவந்து ஊறிய கையும் அந்த ஒரு வாக்கியமும் போதுமாயிருந்தன.

மணி பன்னிரண்டு அடிக்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தாய் முகம் மலர்கிறாள். பள்ளி விடும் நேரம். மேசையில் தட்டை வைக்கிறாள். தெருவிலோ எல்ஸி பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறாள். போலீஸ்காரர் ஒருவர் அவளைப் பாதை கடத்தி விடுகிறார். விளம்பரத் தூண் ஒன்றின்மேல் பந்தை அடித்து விளையாடுகிறாள். அத்தூணில் ஒட்டியிருப்பது, ‘கொலைகாரன் யார்?’ என்று கேட்டுப் பதினாயிரம் மார்க் வெகுமதி கூறும் அறிவிப்பு. அதன்மேல் தொப்பி அணிந்த ஒருவனின் நிழல் விழுகிறது. குரல் கேட்கிறது, மிருதுவான குரல். உன் பந்து அழகாயிருக்கிறதே, உன் பெயர் என்ன என்று விசாரிக்கிறது. அவ்வளவுதான். கத்தியில்லை, முறைத்த விழியில்லை. நம் நாடக மேடையில் கொடியவன் வந்தால் புருவத்தை நெரித்துச் சிரிப்பான். எவனும் அவனை அடையாளம் கண்டுகொள்வான். இவனோ குழந்தைக்குப் பலூன் வாங்கித் தரும் மாமனைப் போல் வருகிறான். குருட்டு வியாபாரி ஒருவனிடம் பலூன் வாங்கும்போது வாயால் ஒரு மெட்டைச் சீழ்க்கையடிக்கிறான். நார்வே நாட்டு இசைவாணர் கிரீக் என்பாரின் மெட்டு அது. நடித்த பீட்டர் லோரேவுக்குச் சீழ்க்கையடிக்க வராததால், லாங் தாமே அடித்தாராம்.

இதனிடையே வீட்டு வாயிலில் ஒருவன் வந்து நிற்கிறான். வாரந்தோறும் பகுதி பகுதியாய் வரும் பரபரப்பான நாவலின் புதிய பகுதியை விற்பவன். பொய்த் திகில் காசுக்கு வாயிலில் விலையாகும் வேளையில் மெய்த் திகில் தெருவில் நடந்துகொண்டிருக்கிறது. வடுவூராரையும் ஆரணியாரையும் விளக்கொளியில் விடிய விடியப் படித்த நாம் இந்த இடத்தில் சிறிது நாணத்தான் வேண்டும்.

பின்னர்த் தாய் கூப்பிடுகிறாள். ‘எல்ஸி!’ என்னும் குரல் கேட்கிறது. ஆளில்லாத மாடிப்படி தெரிகிறது. மறுபடி கூப்பிடுகிறாள், துணி காயும் வெறும் மேல்மாடி தெரிகிறது. மறுபடியும், உண்ணாத தட்டு தெரிகிறது. அப்பால் குரலும் அற்றுப்போகிறது. புதரிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் தந்திக் கம்பியில் சிக்கித் துடித்துப் பறந்துபோகிறது. கொலை காட்டப்படவில்லை, ஒரு துளி இரத்தமும் இல்லை. ஏறக்குறைய எட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்ட அந்தத் தொடக்கத்தைக் கண்டவர் எவரும் அந்தத் தட்டை மறப்பதரிது.

இனி நிகழ்வதெல்லாம் அந்தத் தொடக்கத்தின் கடன் தீர்ப்பே. முதற்காட்சியில் கேட்ட சீழ்க்கையைக் கொண்டே குருடன் பின்னர்க் கொலைகாரனைக் கண்டுகொள்கிறான். கண்ணுள்ளவர் எவராலும் இயலாதது அது. ஆனால் அதற்கு முன்னே ஊர் பித்தேறிக் கிடக்கிறது. அண்டை வீட்டான் அண்டை வீட்டானை ஐயுறுகிறான். சிறுமி ஒருத்தி மணி கேட்க, விடை சொன்ன கிழவர் ஒருவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. இதனைப் பெர்லின் கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசியில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்துக் கொன்றது. வழியிற் கண்ட குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்தாராம்.

லாங் நம் இரக்கம் முழுவதையும் முதலிலேயே தாயிடம் சேர்த்துவிட்டார். சேர்த்தபின்தான், கடைசியில், அந்தக் கொலைகாரனைத் திருடர் கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறார். அவர்கள் உடனே கொல் என்கிறார்கள். அவனோ தன்னை ஏதோ ஒன்று துரத்துகிறது, தன்னால் தடுக்க இயலவில்லை என்று கதறுகிறான். பித்தனுக்கு மருத்துவமன்றோ வேண்டும் என்று ஒருவன் வாதிடுகிறான். எல்ஸியின் தட்டைக் கண்டிராதவனுக்கு இந்த வாதம் எளிது. கண்டவனுக்கோ நெஞ்சு இரண்டாய்ப் பிளக்கிறது. சட்டம் கூட்டத்தினின்றும் அவனை மீட்டுச் செல்கிறது. முடிவில் தாய்மார் கறுப்பு உடையில் அமர்ந்திருக்கின்றனர். எந்தத் தீர்ப்பும் பிள்ளைகளைத் திருப்பித் தராது, இன்னும் விழிப்பாய்க் காக்க வேண்டும் என்கிறாள் எல்ஸியின் தாய். எட்டு நிமிஷத் தொடக்கம் இல்லையேல் இந்தக் கடைசி விசாரணைக்கு எடையே இல்லை என்பது நம் துணிபு.

இதற்குச் சரித்திரமே ஒரு சாட்சி தந்திருக்கிறது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லாங்கும், யூதராகிய பீட்டர் லோரேயும் ஜெர்மனியை விட்டு வெளியேறினர். தேயா பான் ஹார்போ அங்கேயே தங்கி, நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1934இல் ‘எம்’ தடை செய்யப்பட்டது. லாங் அமெரிக்கா சென்று 1936இல் எடுத்த முதற்படமும், குற்றமற்றவன் ஒருவனைக் கூட்டம் சிறையோடு கொளுத்த முற்படும் கதையே.

தடை செய்த படத்தை நாஜிகள் விட்டுவிடவில்லை. 1940இல் பிரிட்ஸ் ஹிப்ளர் என்பவரைக் கொண்டு, யூதரை எலிகளோடு ஒப்பிட்டுப் பழிக்கும் ‘நித்திய யூதன்’ என்னும் பிரசாரப் படம் ஒன்றை வெளியிட்டனர். லோரே கதறும் அந்தக் கடைசிக் காட்சியை வெட்டி எடுத்து அதில் ஒட்டினர். யூதர் குற்றவாளியின்மேல் இரக்கத்தைத் தூண்டுகின்றனர் என்று பழி சுமத்தவே அப்படிச் செய்தனர். நடிகர் ஒருவர் பேசிய கதைமாந்தனின் சொல், ஓர் இனத்தின் மேற் சாட்டிய குற்றச்சாட்டாய்ப் பல நாட்டுக் கொட்டகைகளில் ஓடிற்று. அதைப் பார்த்தவர்களுக்கு முற்றத்துப் பாட்டும் சீழ்க்கையும் தெரியாது. துணி வெளுப்பவளின் காதும், அவள் வைத்த தட்டும் காட்டப்படவில்லை.