உருமாற்றத்தின் மேல் உருமாற்றம்: எக்ஸ்.எஸ்.எல்.டி.யின் ஒரு சின்ன வரலாறு

நாங்கள் நாலு பேர், கலைப்பீடம். ஒரு பழைய சிற்றிதழில் வந்த ஆக்கங்களைத் தட்டச்சு செய்து எக்ஸ்.எம்.எல். கோப்பாக வைத்திருந்தோம். அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் 'இதற்கு முந்தியது' எண்டு ஒரு இணைப்பும் போட்டு வலைப்பக்கமாக்க வேணும். எல்லா வேலையையும் ஒரே ஸ்டைல்ஷீட்டில் எழுதினோம். பட்டியல் ஆண்டுப்படி சரியாக வந்தது. இணைப்பு மட்டும் குழம்பியது: 1974க்கு முந்தியது 1981 எண்டு காட்டியது! இரண்டு இரவு போனபிறகுதான் விளங்கியது. முன்னால் நிற்கும் ஆக்கத்தை ஸ்டைல்ஷீட் தேடுவது மூலக் கோப்பில், நாங்கள் தட்டச்சு செய்த ஒழுங்கில். தான் அடுக்கியது அதன் கண்ணில் படாது.

தீர்வு லேசானது. முதல் ஸ்டைல்ஷீட் அடுக்கும், அதன் விளைவை இரண்டாவது வாசித்து இணைப்புப் போடும், மூன்றாவது எச்.டி.எம்.எல். ஆக்கும். ஆனால் இதை ஒரே ஸ்டைல்ஷீட்டுக்குள் ஏன் செய்ய முடியேல்ல?

சங்கிலி யோசனை பழசு. தோட்டத்துக் குழாய்களைப் பூட்டுவதுபோல நிரல்களைப் பூட்ட வேணும் எண்டு பெல் ஆய்வுகூடத்தின் டக் மக்கில்ரோய் 1964இலேயே எழுதிவைத்தார். 1973இல் கென் தொம்சன் அதை யுனிக்ஸில் செய்து காட்டினார். எக்ஸ்.எம்.எல். 1998இல் வந்தது, ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த எக்ஸ்.எஸ்.எல்.டி. 1.0 அடுத்த ஆண்டு நவம்பரில். அதில் ஒரு பூட்டு இருந்தது. மாறி ஒன்றுக்குள் நீங்கள் கட்டும் மரம் 'விளைவு மரத் துண்டு' எனும் தனி வகை. அதை அப்படியே வெளியே நகலெடுக்கலாம், வெறும் எழுத்துச் சரமாக வாசிக்கலாம். உள்ளே இறங்கி ஒரு கணுவைத் தேட முடியாது. சமைத்தவர் ருசி பார்க்கக்கூடாது எண்ட மாதிரி.

ஆட்கள் சும்மா இருக்கேல்ல. செயலிகளை எழுதியவர்கள் அந்தத் துண்டை முழு மரமாக்க ஆளுக்கொரு 'நோட்-செட்' செயற்கூறு கொடுத்தார்கள். ஒரு செயலிக்கு எழுதியது மற்றதில் ஓடாது. பிறகு எக்ஸ்லெட் எண்ட முயற்சி பொது வடிவம் ஒன்றைத் தந்தது. வெளியே நிண்டு கோத்தவர்களும் உண்டு. ஸ்டெபானோ மஸ்ஸோக்கி தொடக்கிய அப்பாச்சி கொக்கூனில் ஒரு தலை, ஒரு வால், நடுவில் விரும்பிய அளவு உருமாற்றங்கள். அதன் இரண்டாம் பதிப்பில் இடைக்கோப்பு எதுவும் எழுதாமலே தரவு ஓடும்.

பூட்டை அகற்ற முயன்ற 1.1 வரைவு 2001இல் கைவிடப்பட்டது. மைக்கல் கே தொகுத்த 2.0 வெளிவந்த 2007 ஜனவரியில்தான் பூட்டுக் கழன்றது. சங்கிலியையே எழுதுவதற்கான எக்ஸ்புரொக் 2010இல் வந்தது.

உலாவிகளோ 1.0ஓடு நிண்டுவிட்டன. எங்களிடம் இருந்த செயலியும் 1.0தான். ஆகவே மூன்று ஸ்டைல்ஷீட், நடுவில் இரண்டு கோப்பு. முதல் இடைக்கோப்பைத் திறந்து பார்த்தால், ஆண்டு போடாமல் விட்ட ஏழு ஆக்கங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் நிண்டன. வெற்றிடம் எந்த எண்ணுக்கும் முதல் வருமாம். அந்த ஏழும் இதழின் ஆக மூத்த எழுத்துக்களாக வலையேற இருந்தன. இப்ப அச்சுப் பிரதிகளை எடுத்து, அட்டை அட்டையாக ஆண்டு தேடிக்கொண்டிருக்கிறோம்.