பார்க்கவா, ஓட்டவா? – தோட்டத்து நீராவி எஞ்சின்களின் வரலாறு

சங்க மலரில் இதுவரை கல்வெட்டு, பழைய கோயில்கள், சமண நூல்கள் என்று எழுதிவந்தவன் நான். இந்த ஆண்டு சின்ன நீராவி ரயில் எஞ்சின்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒருவர், "என்ன நயினார், வயசு திரும்புதா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். பித்தளை, செம்புப் பாத்திரம் விற்கிறவன். ஆனால் இந்தப் பொருளின் வரலாறு செம்பிலும் பித்தளையிலும்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன்.

நான் சொல்லவருவது சாவி கொடுத்தோ மின்சாரத்திலோ ஓடும் பொம்மை அன்று. உள்ளே நிஜமான கொதிகலன் உண்டு. தண்ணீர் ஊற்றி, அடியில் தீ மூட்டி, நீராவி எழுந்து, பிஸ்டனைத் தள்ளி ஓடுகிற எஞ்சின். கையில் தூக்கிவிடலாம். வீட்டுத் தோட்டத்தில் பாதை போட்டு ஓட்டுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு மொட்டைமாடியே தோட்டம்.

ஆசை எங்கிருந்து வந்தது என்றால், ஆரணி ரோடு ஸ்டேஷனிலிருந்து. விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜ் பாதையில் கரி எஞ்சின் வந்து நின்று பெருமூச்சு விடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1981இல் பாத்திரக்கடை வேலைக்காகக் கொல்கத்தா வந்தபோது அந்தப் பெருமூச்சும் கூடவே வந்துவிட்டது.

தரையில் சொட்டிய எஞ்சின்கள்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பித்தளையில் செய்த சிறு நீராவி எஞ்சின்கள் விற்கப்பட்டன. தண்டவாளம் கிடையாது, கூடத்துத் தரையிலேயே ஓடும். ஓடும் வழியெல்லாம் தண்ணீரும், சில சமயம் எரியும் ஸ்பிரிட்டும் சொட்டும். அதனால் 'பர்மிங்காம் டிரிப்ளர்', அதாவது பர்மிங்காம் சொட்டி, என்று பெயர் வந்தது. எத்தனை கம்பளம் கருகியதோ!

இதை ஒழுங்கான கலையாக மாற்றியவர்களில் முதன்மையானவர் நார்தாம்ப்டன் நகரத்து டபிள்யூ. ஜே. பாசெட்-லோக் (1877–1953). 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரப் பொம்மைத் தயாரிப்பாளர்களான பிங் நிறுவனத்தாரை அவர் சந்தித்தார். இங்கிலாந்து ரயில்களின் சாயல் அச்சாக இருக்கவேண்டும் என்பது இவர் கேட்டது; மலிவாகவும் நேர்த்தியாகவும் செய்வது அவர்கள் கைவந்த கலை. ஹென்றி கிரீன்லி (1876–1947) என்ற வல்லுநர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். 45 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடும் 'கேஜ் 1' எஞ்சின்கள் இவ்வாறு பரவின.

கொதிகலன் சண்டை

அடுத்து நடந்தது ஒரு சண்டை. எழுத்தில் நடந்த சண்டை; ஆனால் சூடு குறையாதது.

அக்காலத்துச் சிறு எஞ்சின்கள் பெரும்பாலும் ஸ்பிரிட் விளக்கில் ஓடின. நம் வீட்டுப் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சூடேற்ற ஊற்றுவோமே, அதே ஸ்பிரிட்தான். அந்த அளவு எஞ்சினில் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது என்பது கடைக்காரர்கள் கட்சி. அப்போது ஒரு முன்னாள் ரயில்வே ஊழியர் எழுத வந்தார். லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அதன் முதலெழுத்துகளையே புனைபெயராக்கி 'எல்.பி.எஸ்.சி.' என்று கையொப்பமிட்டார். பெரிய எஞ்சினில் இருப்பதுபோலவே நெருப்புக் குழாய்களும் கரி அடுப்பும் வைத்தால் சின்ன எஞ்சினும் மனிதரை இழுக்கும் என்றார்.

1898 முதல் வந்துகொண்டிருந்த 'மாடல் எஞ்சினியர்' இதழில் இந்த வாதம் சூடாக நடந்தது. 'கொதிகலன் சண்டை' என்றே அதற்குப் பெயர். 1924இல் லண்டன் கண்காட்சியில் எல்.பி.எஸ்.சி. தம் 'ஆயிஷா' எஞ்சினைக் கொண்டுவந்தார். பாதையின் அகலம் இரண்டரை அங்குலந்தான். அது எல்லார் கண்முன்னும் ஆளை உட்காரவைத்து இழுத்தது. அதோடு வாதம் முடிந்தது.

அந்த மனிதர் 1967இல் மறையும்வரை, வீட்டுக் கொட்டகையில் கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் சாதாரண ஆளும் எஞ்சின் செய்யும்படி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதிக்கொண்டே இருந்தார். காலேஜ் தெரு நடைபாதையில் கிலோ கணக்கில் வாங்கிய பழைய இதழ்களில்தான் அவரைச் சந்தித்தேன். படித்தபோது எனக்குப் பட்டது இது: சண்டை கொதிகலனைப் பற்றியது மட்டும் அன்று. சின்ன எஞ்சின் பார்ப்பதற்கா, வேலை செய்வதற்கா என்பதுதான் அடியில் இருந்த கேள்வி.

அளவும் கணக்கும்

வீடுகள் சுருங்கின, ரயில்களும் சுருங்கின. 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ 16.5 மி.மீ. பாதையில் மேசைமேல் ஓடியது. கேஜ் 1 அழிந்துவிடாமல் இருக்க அன்பர்கள் 1947இல் சங்கம் கூட்டினார்கள். 1968இல் நியூரம்பர்க்கில் எல்.ஜி.பி. ரயில் வந்தது. மின்சார ரயில்தான், ஆனால் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் பாதையைத் தோட்டத்துக்குக் கொடுத்தது. 1975இல் ஜப்பானின் ஆஸ்டர் நிறுவனம் கேஜ் 1 நீராவி எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1982இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் ரவுண்ட்ஹவுஸ் தொடங்கியது. கேஸில் எரியும் எஞ்சின்கள் அதன் சிறப்பு.

கணக்கு பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி. நம் மீட்டர் கேஜை 22.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 மி.மீ. வரும், எல்.ஜி.பி. பாதை அதுவே. டார்ஜிலிங்கின் 2 அடிப் பாதையை அடிக்கு 16 மி.மீ. என்று சுருக்கினால் சரியாக 32 மி.மீ. வரும், அதற்கும் பாதை தயாராகக் கிடைக்கிறது. ஆகவே டார்ஜிலிங் 'பி' வகை எஞ்சின் இங்கிலாந்துத் தோட்டங்களில் சின்ன உருவில் ஓடுகிறது.

மாதிரி மட்டுமா? நிஜமே ஓடியது! 1889இல் கிளாஸ்கோவில் செய்து டார்ஜிலிங்கில் உழைத்த 778ஆம் எண் எஞ்சின் 1960களில் அமெரிக்கா போயிற்று. 2002இல் ஏட்ரியன் ஷூட்டர் என்ற ரயில்வே நிர்வாகி அதை வாங்கி, ஆக்ஸ்போர்ட்ஷயரில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே 2 அடிப் பாதை போட்டு ஓட்டினார். அவர் 2022இல் காலமானார். அந்தத் தோட்டப் பாதையும் இன்று இல்லை. சேகரிப்பவர் போனபின் பொருள் என்னாகும் என்ற கேள்வி, ஒரு முழு எஞ்சின் வைத்திருந்தவருக்கும் உண்டு. என்னைப் போன்ற மாடிக்காரனுக்கும் உண்டு.

என் தவறு

இனி என் கதை. 1994இல் ரஸ்ஸல் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் ஸ்பிரிட்டில் ஓடும் பழைய கேஜ் 1 எஞ்சின் ஒன்றை எடுத்தேன். செய்தவர் முத்திரை தேய்ந்துபோயிருந்தது. வீட்டில், "ஏங்க, கடையில பித்தளை பத்தலையா?" என்று ஒரே கேள்விதான்.

ஒரு நாள் புது மாப்பிள்ளை வந்திருந்தார். பெருமை காட்டவேண்டாமா? ஓட்டினேன். விளக்கு அணைந்ததும், "இன்னொரு ரவுண்டு பாருங்க மாப்பிள்ளை" என்று ஸ்பிரிட்டை மட்டும் மறுபடி ஊற்றிப் பற்றவைத்தேன். தண்ணீரைப் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் எஞ்சின் நின்றது. குழாய் மூட்டு உருகி, மேலே இருந்த பித்தளைக் குமிழ் சாய்ந்து விழுந்தது. எழுபது எண்பது வருடம் இருந்த பொருள், என் கையில் ஐந்து நிமிடத்தில் போயிற்று.

காரணம் எளியது. ஈயப் பற்றாசு ஏறக்குறைய 185 டிகிரியில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை, 40 பவுண்டு அழுத்தத்திலும் சூடு 140 டிகிரியைச் சுற்றியே நிற்கும், தண்ணீர்தான் காவல். அது வற்றினால் தீயின் சூடு முழுவதும் உலோகத்தில் ஏறும். குக்கர் அடிபிடிக்கும் கதைதான். ஸ்பிரிட் முதலில் தீரவேண்டும், தண்ணீர் பிறகுதான் தீரவேண்டும் என்பது இந்த எஞ்சின்களின் முதல் விதி. பாத்திரக்கடைக்காரன் நானே மறந்தேன்.

பிறகு ஒரு செம்புத் தொழிலாளியைப் பிடித்துப் புதுக் கொதிகலன் செய்தோம். உடல் செம்பு, மூட்டெல்லாம் 600 டிகிரிக்குமேல் உருகும் வெள்ளிப் பற்றாசு. திருகு ஏறும் இடங்களில் பித்தளை வைக்கவில்லை. வெந்நீர் நாளடைவில் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும். அங்கே வெண்கலம். பிறகு குளிர்ந்த நீரை நிரப்பி, காற்றே இல்லாமல், பம்பால் இருமடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதித்தோம். நீரால் சோதித்தால், உடைந்தாலும் வெடிக்காது. பீய்ச்சி அடித்து நின்றுவிடும்.

எஞ்சினைப் பார்த்த ஒரு சேகரிப்பாளர், "அசல் போச்சே! இனி பாதி விலைகூடத் தேறாது" என்றார். அவர் சொன்னது சந்தைக் கணக்கில் சரி. ஆனால் பெரிய ரயில் எஞ்சின்கள் தம் ஆயுளில் எத்தனை கொதிகலன் மாற்றியிருக்கும்! அதனால் அவை வேறு எஞ்சின் ஆகிவிட்டனவா? பழைய கொதிகலனைத் துடைத்து, நடந்ததைச் சீட்டில் எழுதிக் கட்டி, பெட்டியில் வைத்திருக்கிறேன். அதுவும் வரலாறுதான், என் தவறும் அதில் ஒரு பக்கம்.

கட்டிக்காப்பது

பராமரிப்பு என்று பெரிய மந்திரம் இல்லை. வாலைநீரே ஊற்றவேண்டும், குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படியும். ஓட்டி முடித்ததும் சூடு ஆறவிட்டு மீதித் தண்ணீரை வடிக்கவேண்டும். எண்ணெய்க் குப்பியில் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்க, எண்ணெய் மேலெழுந்து தானே சிலிண்டருக்குப் போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அந்த நீரை எடுத்துவிட்டு, நீராவிக்குரிய கெட்டி எண்ணெய் ஊற்றவேண்டும். சேப்டி வால்வு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கண்ணாடிப் பெட்டியில் பல வருடம் சும்மா இருந்தால் எண்ணெய் பிசினாகும், வளையங்கள் காயும். ஓடாத எஞ்சின்தான் சீக்கிரம் கெடுகிறது.

பொருளுக்கு வரம்பு கட்டிக்கொள்வது எங்கள் சமணத்தில் இல்லறத்தார் விரதங்களில் ஒன்று. சேகரிப்புக்காரனுக்கு இது கடினமான விரதம். மூன்று எஞ்சின் போதும் என்று நிறுத்திக்கொண்டேன். மூன்றுக்கும் ஒரு நோட்டுப்புத்தகம். ஓட்டிய தேதி, தண்ணீர், எண்ணெய், சோதனை அழுத்தம் எல்லாம் அதில் உண்டு. இப்போது பேரன் எழுதுகிறான். சென்ற தையில் நான் தீக்குச்சியை எடுத்தபோது, "தாத்தா, தண்ணி பாத்தீங்களா?" என்றான். பார்த்திருந்தேன், இருந்தும் மறுபடி பார்த்தேன்.

இந்த எஞ்சின்களை யாருக்குக் கொடுப்பது என்று சில வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஏலத்துக்கு வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்கும் வேண்டாம். தீ மூட்டுமுன் தண்ணீர் பார்க்கிறவர் கைக்குப் போகட்டும். அது பேரனாக இருக்கலாம். நம் சங்கத்துப் பிள்ளைகளில் ஒருவராகவும் இருக்கலாம். ஜனவரிக் குளிரில் நீராவி வெள்ளை வெளேரென்று நன்றாகத் தெரியும். ஞாயிறு காலையில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துவாருங்கள். ஆளுக்கொரு சுற்று, முதலில் தண்ணீர், பிறகு தீ.